ஆர்மோனியக்காரர் மகன் வாங்கிய சிந்தசைசர்

(நமது கல்யாண் நிருபர்)

"மாப்பிள்ளை, இது என்ன, டைப் அடிக்கிற மிஷினா?"

பெட்டியைப் பிரித்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இது. அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. ஒரு முழத்துக்குச் சற்று மேல் நீளம், இரண்டு பக்கமும் மரச்சட்டம், சின்னச் சின்னக் கட்டைகள், மேலே ஐந்து திருகுகள், அவற்றைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. டைப் மிஷின் என்று நினைத்ததில் தவறே இல்லை. "இல்லை அத்தை, இது பாட்டுப் பெட்டி" என்றேன். "அப்போ பாடச் சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. பாட்டரி போட்டேன். சுவிட்சைத் தள்ளினேன். விளக்குகள் மினுமினு என்று எரிந்தன. கட்டையை அழுத்தினேன். சத்தம் இல்லை. இன்னொரு கட்டை. அதிலும் இல்லை. பத்து விரலையும் வைத்து அழுத்தினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள். "இருபத்தி நாலாயிரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இருபத்து நாலாயிரத்தின் கதையை முதலில் சொல்லி விடுகிறேன். நான் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புபவன். புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகுகிறது. அதை மாற்றுவதற்காகச் சொசைட்டியில் 60,000 ரூபாய் கடன் எடுத்தேன். பணம் கைக்கு வந்த வாரத்திலேயே அந்தேரியில் ஒரு இளைஞர் வெளிநாடு போவதாகவும், தன் மைக்ரோகார்க் சிந்தசைசரை விற்பதாகவும் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பார்க்கத்தான் போனேன். திரும்பும்போது அது என் மடியில் இருந்தது. எடை 2 கிலோவும் கொஞ்சமும்தான். தாதரில் வண்டி மாறும்போது கூட்டத்தில் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கொண்டேன். கடன் வாங்கிய பணம் தலைக்கு மேலே போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

வாயில்லாத பெட்டி

வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கோவிலிலும் சர்ச்சிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் நாம் பார்க்கும் சாதாரண கீபோர்டு வேறு, சிந்தசைசர் வேறு. கீபோர்டில் ஒலிபெருக்கி உள்ளேயே இருக்கும். தாளமும் இருக்கும். பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று தைத்து வைத்த சட்டை மாதிரி ஒலிகள் இருக்கும். எடுத்துப் போட்டுக் கொள்ளலாம். சிந்தசைசர் என்பது தையல்காரன் கடை. துணி இருக்கும், கத்தரி இருக்கும், அளவு நாடா இருக்கும். சட்டையை நாம்தான் தைக்க வேண்டும். இப்போது வரும் சிந்தசைசர்களில் முன்கூட்டியே செய்து வைத்த ஒலிகளும் உண்டு. என்னுடையதில் 128 இருக்கின்றன. ஆனால் அதற்காக மட்டும் வாங்குவது பணத்துக்குக் கேடு.

பெரும்பாலான சிந்தசைசர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. பின்புறம் துளைகள்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாது. காதில் மாட்டும் ஹெட்போனைச் சொருகலாம் என்றால், செல்போன் ஹெட்போனின் முள் 3.5 மில்லிமீட்டர். பெட்டியின் துளையோ 6.3 மில்லிமீட்டர். எலி வளையில் எறும்பு போன மாதிரி ஆடியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் லாமிங்டன் ரோடு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரும் இந்த மின்சாமான் தெருவை மும்பைத் தமிழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முள்ளை மாற்றும் சின்னக் குழல் ஒன்று வாங்கினேன். நாற்பது ரூபாய். அது போதும். இருபத்து நாலாயிரம் பேச ஆரம்பித்தது அந்த நாற்பது ரூபாயால்தான்.

அதே கடையில் இன்னொரு பெரிய விபத்தும் தப்பியது. பெட்டியோடு எனக்குக் கிடைத்த மின் அடாப்டரையும் எடுத்துப் போயிருந்தேன். வீட்டில் அதைச் சொருகவில்லை. பார்சல் ஆபீசில் லேபிளைப் படிக்காமல் எதிலும் கை வைக்காத பழக்கம். லேபிளில் 12 வோல்ட் என்று இருந்தது. சிந்தசைசரின் முதுகில் 9 வோல்ட் என்று இருந்தது. கடைக்காரர், ஒரு வயதான குஜராத்திக்காரர், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இண்டர்நெட் டப்பாவுடையது. முனை பொருந்தும். ஆனால் உயிரை எடுத்துவிடும்" என்று இந்தியில் சொன்னார். விற்றவர் வேண்டுமென்றே கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஊரை விட்டுப் போகும் அவசரத்தில் கம்பிகள் மாறியிருக்கும்.

அடாப்டர் விஷயத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். வோல்ட் சரியாக இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் கேட்பதை விடக் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை. மூன்றாவது, நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்பது. வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் அதைச் சொல்லும். என் பெட்டிக்கு நடு முனை பிளஸ். கிடார்க்காரர்கள் காலால் மிதிக்கும் பெடல்களுக்கும் 9 வோல்ட்தான், ஆனால் பெரும்பாலும் நடு முனை மைனஸ். நண்பரிடம் இரவல் வாங்கிச் சொருகினால் அதோகதி. ஜப்பானிலிருந்து நேராக வந்த பழைய சாமான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வீட்டு மின்சாரமே 100 வோல்ட். நம் 230-இல் அந்த அடாப்டரை மாட்டினால் புகை வரும்.

ஹெட்போனில் கேட்டது போதாது என்று வீட்டிலிருந்த பழைய ஹோம் தியேட்டரோடு இணைத்தேன். ஒலி வந்தது. கூடவே "ங்..." என்று ஒரு ரீங்காரமும் வந்தது. பாட்டு நின்றாலும் அது நிற்கவில்லை. எங்கள் மின் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் வந்து பார்த்தார். நான் வாங்கியிருந்த மலிவான கம்பிக்கு உறை வலை கிடையாது. அது ஃபிரிட்ஜின் மின்கம்பியோடு ஒட்டிக்கொண்டு ஆறடி ஓடுகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பது. அந்தத் துடிப்பைத்தான் பாட்டுக் கம்பி பிடித்துக் கொண்டது. உறையுள்ள கம்பி வாங்கி, வேறு வழியாக இழுத்தேன். ரீங்காரம் போயே போய்விட்டது. அவரே இன்னொன்றும் சொன்னார். போடும்போது முதலில் சிந்தசைசர், கடைசியில் ஒலிபெருக்கி. அணைக்கும்போது முதலில் ஒலிபெருக்கி. மாற்றிச் செய்தால் 'டொம்' என்று ஓர் அடி விழும். ஒலிபெருக்கிக்கும் நல்லதல்ல, பக்கத்து வீட்டு ஆஜிக்கும் நல்லதல்ல.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையலறை. ஐந்து பேர். சிந்தசைசருக்கென்று இடம் கிடையாது. மடக்கு மேஜை வாங்க மனைவி சம்மதிக்கவில்லை. இஸ்திரி போடும் பலகை மேல் வைத்திருக்கிறேன். உயரம் சரியாக இருக்கிறது.

அப்பாவின் பெட்டி

எனக்கு எதற்கு இந்த ஆசை என்று வாசகர்கள் கேட்கலாம். என் தந்தை ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். வள்ளி திருமணம் என்றால் விடிய விடிய வாசிப்பார். பின்பாட்டும் அவரே. வலது கை கட்டையில், இடது கை துருத்தியில். எனக்கும் ஆறு வயதில் மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பும் நின்றது, ஆர்மோனியமும் நின்றது. ரயில்வே வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு குறை உண்டு. "எல்லாம் வருது, கமகம் வரலை" என்பார். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடத்துக்குப் போகவே முடியாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் பிடித்தால் அது தோடியே அல்ல. ஆர்மோனியத்தில் அசைப்பது எப்படி? இந்தக் குறையைக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல்! வானொலி ஒதுக்கினாலும் நாடக மேடை அதை ஒதுக்கவில்லை.

சிந்தசைசரைப் பழக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இதன் உள் வேலை எனக்குத் தெரியாத ஒன்றல்ல என்று. புத்தகத்தில் ஆசிலேட்டர், ஃபில்ட்டர், என்வலப் என்று போட்டிருந்தது. மூன்று நாள் தலை சுற்றியது. நான்காம் நாள் அப்பாவின் பெட்டியை நினைத்துக் கொண்டேன்.

ஆசிலேட்டர் என்பது ரீடு. ஒலி பிறக்கும் இடம். ரீடு காற்றால் அதிரும், இது மின்சாரத்தால் அதிரும். அலையின் உருவத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். ரம்பப் பல் மாதிரி அலை என்றால் கணீர் என்று இருக்கும். சதுர அலை என்றால் உள்ளே குடைந்த மூங்கில் மாதிரி கேட்கும். இரண்டு ஆசிலேட்டர்களை வைத்து ஒன்றைக் கொஞ்சம் விலக்கினால், டபுள் ரீடு பெட்டி மாதிரி அலை அடிக்கும். ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, மற்றொன்று 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். ஆர்மோனியம் பழுது பார்ப்பவர்கள் காதாலேயே கண்டுபிடிக்கும் விஷயம் இது.

ஃபில்ட்டர் என்பது பெட்டியின் மேல் மூடி. மூடியைத் திறந்து வாசித்தால் ஒலி பளிச்சென்று வரும். மூடினால் மங்கும். அந்தத் திருகை மெல்ல இடதுபுறம் திருப்பினால் கூர்மையான மேல் அதிர்வுகள் ஒவ்வொன்றாக அறுபட்டு, கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடும்.

என்வலப் என்பது துருத்தி போடும் கை. ஒலி பட்டென்று எழ வேண்டுமா, மெல்ல எழ வேண்டுமா, கையை எடுத்ததும் நிற்க வேண்டுமா, கோவில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே தேய வேண்டுமா என்பதையெல்லாம் நான்கு திருகுகளில் வைத்துவிட்டார்கள். ஆக ரீடு, மூடி, துருத்தி. இவ்வளவுதான்.

இதெல்லாம் சேர்த்து ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அப்பாவின் பெட்டி மாதிரியே ஓர் ஒலியைச் செய்தேன். பிறகு, பக்கத்து எண்ணில் என்ன ஒலி இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். போச்சு. பதிவு செய்யாமல் எண்ணை மாற்றினால், செய்த வேலை எல்லாம் அழிந்துவிடும். மறுபடி செய்ய நான்கு நாள் ஆயிற்று. முதல் தடவை வந்த மாதிரி இன்றுவரை வரவில்லை. இப்போதெல்லாம் திருகுகளின் நிலையை ரயில்வே டைரியில் எழுதி வைத்துக் கொள்கிறேன்.

வேலை இல்லாத இடது கை

சிந்தசைசர் முன் உட்கார்ந்ததும் என் இடது கை துருத்தியைத் தேடியது. இருபது வருஷம் தொடாவிட்டாலும் கை மறக்கவில்லை. துருத்தி இல்லை. அந்தக் கைக்கு வேலை இல்லை. ஆனால் பெட்டியின் இடது ஓரத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்றை மேலே தள்ளினால் சுருதி ஏறும். கீழே இழுத்தால் இறங்கும். விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். பிட்ச் பெண்ட் என்கிறார்கள். எவ்வளவு ஏற வேண்டும், அரை ஸ்வரமா, ஒன்றா, இரண்டா என்பதையும் நாமே வைக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் பேசும்படி வைத்துக்கொண்டு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதியையும் கொஞ்சம் சேர்த்தால், கமகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் வருகிறது.

சுருதியும் அப்படியே. அப்பா வாசித்தது ஐந்து கட்டை. ஐந்து கட்டை என்பது மேல்நாட்டுக் கணக்கில் ஜி. முதல் கட்டையை அழுத்தினால் ஜி பேசும்படி ட்ரான்ஸ்போஸ் வைத்துவிட்டால், பழகிய விரல் பழகிய இடத்திலேயே போகும். ஒரு குறை, கட்டைகள் மிகச் சிறியவை. மொத்தம் 37, மூன்று ஸ்தாயி. என் கட்டை விரல் இன்னும் சில சமயம் இரண்டை ஒன்றாக அழுத்துகிறது. பார்சல் தூக்கிய விரல்.

மும்பை வந்த மின்னிசை

அமெரிக்காவில் ராபர்ட் மூக் தன் சிந்தசைசரை 1964-இல் உருவாக்கினார். அலமாரி அளவு. அந்த மூக் கருவி ஒன்று 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து நிறுவினார். அங்கே நம்மவர்கள் செய்த இசையின் ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2023-இல் வெளிவந்தன. 1970-இல் தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் வந்தது. இந்தி சினிமாவில் அதை வாசித்துக் காட்டியவர் கெர்சி லார்ட் என்ற மும்பைக் கலைஞர்.

இதே மும்பையில் 1982-இல் நடந்ததுதான் பெரிய வேடிக்கை. சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக் கலைஞர் மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ஒரு கருவிக்கு ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கும் வசதி உண்டு. ராகத்துக்கு அது உதவியது. அன்று அந்த இசைத்தட்டை யாரும் சீந்தவில்லை. 2010-இல் வெளிநாட்டில் மறுபடி வெளியிட்டார்கள். பிறகு எழுபது வயதைக் கடந்தவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

நம் பக்கத்தில் ஏ.ஆர்.ரகுமான் குடும்பத்தின் கதை எல்லோரும் அறிந்தது. தந்தை ஆர்.கே.சேகர் 1976-இல் மறைந்தபோது, அவர் விட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. இதை என் மனைவியிடம் ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். "அப்போ நம்மளும் வாடகைக்கு விடுவோம்" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

டோம்பிவிலியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இரண்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் 1,200 ரூபாய். அதில் ரயில் பாஸ் இருப்பதால் போக்குவரத்துச் செலவு இல்லை. மிச்சக் கணக்கை வாசகர்களே போட்டுக் கொள்ளலாம். மும்பை மழை இன்னொரு செலவு. ஜூன் பிறந்தால் ஈரம் திருகுகளுக்குள் இறங்கி 'கரகர' என்கிறது. துணி உறை போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே வைத்திருக்கிறேன். மனைவியே சேர்த்துக் கொடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோன்

ஒரு ஞாயிறு மாலை ஊருக்குப் போன் செய்தபோது, ஒன்றும் சொல்லாமல் போனை ஒலிபெருக்கி முன் வைத்து வாசித்தேன். முதலில் ஆர்மோனிய ஒலி.

"எந்த ஊரு பெட்டிடா இது? ரீடு நல்லாயிருக்கே. துருத்தி யாரு போடறது?" என்றார் அப்பா.

"துருத்தி கிடையாதுப்பா. கரண்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் இடது கையைச் சக்கரத்தில் வைத்துத் தோடியைப் பிடித்தேன். காந்தாரத்தில் நின்று அசைத்தேன்.

"அந்தக் கா-வை இன்னொரு தரம் புடி" என்றார். பிடித்தேன். "ரொம்ப ஆட்டுற. பாதி போதும்." பாதி ஆட்டினேன். "ம்" என்றார். நாடக மேடையில் ராஜபார்ட் நன்றாகப் பாடினால் அப்பா சொல்வது அந்த "ம்"தான். அதற்கு மேல் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு கேட்டார். "என்ன விலைடா?"

என் வாய் முந்திக்கொண்டது. "இரவல்பா. சிநேகிதரோடது."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், "அந்த இரவல் பெட்டி இருக்கா, திருப்பிக் குடுத்துட்டியா?" என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறேன். வாசிக்கச் சொல்கிறார். ஓட்டைப் பற்றி அவர் கேட்பதில்லை. அம்மாதான் கேட்கிறாள். நடுக்கூடத்தில் இரண்டு இடத்தில் வாளி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

மிச்சமிருந்த 36,000-ஐ அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டேன். கொத்தனார் ஒரு பக்கச் சரிவு மட்டும் அதில் முடியும் என்கிறார். மறு பக்கத்துக்கு ஐப்பசி மழைக்கு முன் பணம் தேற்ற வேண்டும். இந்த மும்பைப் பதிப்பு எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இருக்கிறார்கள், எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. யாராவது இதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவதற்குள் அந்த மறு பக்கத்தையும் மேய்ந்துவிட வேண்டும்.